சிங்கிளா, ரிட்டனா

விளையாட்டுக்குக் கொடுத்தது எழுநூற்று நாற்பது.
அதில் லாரி உண்டு, மழை உண்டு,
ஒன்பது நாட்டுச் சாலை உண்டு.
பத்தாவது நாட்டுக்குத் தனிக் காசு.

கிருஷ்ணகிரி டோல்கேட்டில் ஆறாம் லேன் என்னுடையது.
இரவு பத்துக்கு உட்கார்ந்தால் காலை ஆறு.
நோட்டை நீட்டுகிறவர்களிடம் ஒரே கேள்வி:
சிங்கிளா, ரிட்டனா?
ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் அதற்கும் நிற்பதில்லை.
கம்பி தூக்கும், போவார்கள்.

காவேரிப்பட்டணம் திரும்பி, குளித்து,
தூக்கம் வரும்வரை ஓட்டுவேன்.
விடிய விடிய லாரியைப் பார்த்துவிட்டு
வீட்டிலும் லாரியா என்பான்
ஐந்தாம் லேன் கெம்பராஜ்.
நான் பார்ப்பது லாரியை இல்லையே.
மாங்கூழ் டின் ஏற்றியவனின் மணிக்கட்டை,
கிரானைட் பாளம் ஏற்றியவனின் கொட்டாவியை.
அவர்கள் எதைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள் என்பது
கூண்டிலிருந்து தெரியாது.

ஒன்பதாவது நாட்டின் கிழக்கு ஓரத்தில்
சாலை நடுவே ஒரு சிவப்புப் பெருக்கல் குறி மிதக்கும்.
அதற்கு அந்தப் பக்கம் மலை.
பாதிப் பாலம்.
மோதிப் பார்த்திருக்கிறேன்.
உடையாது, வண்டி சும்மா நின்றுவிடும்.

இருக்கிறதை மறைத்து வைத்து விலை சொல்கிறான் என்றேன்.
"இல்லாததை அப்புறமா கட்டியிருக்கான்,
கட்டினவனுக்குக் கூலி வேணாமா?"
முதலிலேயே கொடுத்தேனே.
"ரோடு போட்ட காசு எப்பவோ வசூலாயிடுச்சின்னு
உங்கிட்ட தினம் எத்தனை பேர் சண்டை போடறான்.
நீ என்ன சொல்லுவ?"

ரசீதைக் கிழித்துக் கொடுப்பேன்.

விலை ஐந்நூற்று அறுபத்தைந்து.
காத்திருந்தேன்.
கார்த்திகையில் இருநூற்று எண்பதுக்கு இறங்கியது.
ஒரு ராத்திரி உட்கார்ந்தால் எனக்கு நானூற்றுப் பத்து,
ஆக, நள்ளிரவு தாண்டி மூன்றரை மணிவரை.
பக்கத்திலேயே பெயிண்ட் பேக் ஒன்று:
லாரி முகத்தில் பூ வரைய நூற்று முப்பது.
அதற்குள் ஒரு எலுமிச்சம்பழம் கிடையாது,
நாலு மிளகாய் கிடையாது.
அதை மட்டும் தொடவில்லை.

எங்கள் லைனில் பதினொரு ஜி.பி. இறங்க
இரண்டு பகல் பிடித்தது.
பெருக்கல் குறி இருந்த இடத்தில் ஒன்றுமில்லை,
பாலம் முழுசாகிவிட்டது.
தாண்டினால் சூரியகாந்தி.
ஒரே பூவை லட்சம் தரம் நட்டிருக்கிறான்.
நாயைக் கூட்டிக்கொண்டு ஒருவர் நடக்கிறார்,
அடுத்த ஊரிலும் அவரே,
அதற்கடுத்த ஊரில் நாய் மட்டும் வேறு நிறம்.
ஏமாந்துவிட்டேன் என்று ஆனபோது
இறக்கம் வந்தது.

தொப்பூர்க் கணவாயை
பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டுதான் கடந்திருக்கிறேன்.
இங்கே கண்ணைத் திறந்து,
பனியில், இரண்டாம் கியரில்,
இருபத்தொரு டன் கண்ணாடியோடு
ஒரு கீறல் இல்லாமல் இறக்கினேன்.
உள்ளங்கை வியர்த்துவிட்டது.
இந்த இறக்கத்துக்கு நூற்றைம்பது தரலாம்.

அடிவாரத்தில் டோல்கேட்.

கூண்டில் ஆளில்லை.
பழைய ஒன்பது நாட்டிலும் இல்லைதான்,
இத்தனை நாள் கவனித்ததில்லை.
உள்ளே விளக்கு எரிந்தது.
நாற்காலி முதுகில்
ஒரு ஸ்வெட்டர் தொங்கியது.

எந்த லாரிக்காரன் பார்க்கப்போகிறான் அதை?
நிறுத்தாமல் போனால் அரை நொடிகூடத் தெரியாது.
அதற்கு ஒருத்தர் உட்கார்ந்து
பச்சைக் கம்பளி வரைந்து, முழங்கையில்
நூல் பிரிந்ததையும் வரைந்திருக்கிறார்.
விடிகாலை நாலு மணிக்
குளிர் தெரிந்த கை.

கம்பி தானாகத் தூக்கியது.
நான் போகவில்லை.
பின்னால் வந்த கம்ப்யூட்டர் வண்டிகள்
ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடித்தன.
அடிக்கட்டும் என்று
எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு ராத்திரி டீ வாங்கி வந்த கெம்பராஜ்
ஜன்னலில் தட்டினான்.
"குடுத்த காசுக்குத் தேறுமா?"

சிங்கிளுக்குத் தேறும் என்றேன்.
ரிட்டனுக்குச் சொல்லத் தெரியவில்லை.
லேனில் ஒரு பத்துச் சக்கரம்
ஸ்டிக்கர் வேலை செய்யாமல்
நின்றுகொண்டிருந்தது.